தணலும் ஈர்க்கும்

வண்ணப் படங்கள் நிறைந்த சமையற் புத்தகங்களில் ஒரு காட்சி தவறாமல் இடம் பெறும். நீண்ட கம்பியில் முதலில் ஓர் இறைச்சித் துண்டு, அடுத்துச் செக்கச் சிவந்த தக்காளி, அதையடுத்து வெங்காயம், பிறகு பச்சைக் கறிமிளகாய், மறுபடியும் இறைச்சி என நவரத்தின மாலை போலக் கோத்திருப்பார்கள். கீழே நெருப்பு, மேலே மாலை, பக்கத்தில் சிரித்த முகத்துடன் ஒரு குடும்பம். நம் பிள்ளைகள் அந்தப் படத்தைக் கண்டுவிட்டார்கள். கண்டபின் சும்மா இருப்பார்களா? "அப்பா, வருகிற ஞாயிறு நாங்களும் இப்படிச் செய்வோம்" என்று மூத்த மகள் தொடங்க, "கம்பி நான் தேடித் தருகிறேன்" என்று இளையவன் முடித்துவைத்தான்.

நமக்குத் தயக்கம் இருந்தது. அதற்குக் காரணம் நெருப்புமன்று, கம்பியுமன்று. நம் தாயார் சைவ உணவினர். வீட்டில் இறைச்சி சமைக்கும் நாட்களில் அவர் காலையிலேயே கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவார்; அங்கிருந்து தம் தங்கை வீட்டுக்குச் சென்று, நம் அடுக்களை கழுவித் துடைக்கப்பட்ட பின்னர் மாலையில்தான் திரும்புவார். அவரைப் போகச் சொன்னவர் எவருமில்லை. அவரும் எவரையும் குறை கூறியதில்லை. இந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்காக ஓசையின்றி நடந்து வந்தது. ஆனால் எல்லோரும் வீட்டிலிருக்கும் ஒரே நாளில் அப்பம்மாவின் இருக்கை மட்டும் வெறுமையாக இருப்பதைப் பிள்ளைகள் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள். "அப்பம்மா இல்லாத நாள்தானே இறைச்சி நாள்" என்று இளையவன் ஒருமுறை சாதாரணமாகச் சொன்னான். அந்தச் சாதாரணந்தான் நம்மை உறுத்தியது.

அடுப்பு ஏற்கெனவே இருந்தது. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் சமையல் எரிவாயு கிடைக்காமல் மக்கள் வெற்று உருளைகளுடன் வீதியில் வரிசையாக நின்ற காலத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நாமும் பின்வளவில் செங்கற்களை அடுக்கி ஓர் அடுப்புக் கட்டினோம். சில மாதங்கள் சோறும் கறியும் அதில்தான் வெந்தன. எரிவாயு மீண்டும் கிடைத்தபின் அந்த அடுப்பு பாசி பிடித்துக் கிடந்தது. பஞ்சத்துக்குக் கட்டியதைப் பண்டிகைக்குப் பயன்படுத்துவோமே என்று எண்ணினோம்.

முதல் முயற்சியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். விரித்துரைப்பது நமக்குப் பெருமை தருவதாக இல்லை. படத்தில் கண்டபடியே மாலை கோத்தோம். விறகு பற்ற மறுத்ததால் மண்ணெண்ணெய் ஊற்றினோம். கொழுந்துவிட்டெரிந்த நெருப்பின் மேல் கம்பிகளை வைத்தோம். முதலில் தக்காளி நெகிழ்ந்து நெருப்பில் விழுந்தது. அடுத்து வெங்காயம் கரியாயிற்று. இறைச்சி வெளியே கறுத்து, வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பாகவே இருந்தது. மண்ணெண்ணெய் வாடை எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. நம் இல்லத்தரசியார் ஒரு வார்த்தையும் பேசாமல் இறைச்சியைக் கம்பியிலிருந்து உருவிக் கழுவி, சட்டியிலிட்டுக் குழம்பாக்கினார். மாலையில் திரும்பிய தாயார் வாசலில் நின்றபடி, "என்ன, வளவெல்லாம் மண்ணெண்ணெய் மணக்குது?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் இந்தக் கதையை நம்முடன் கற்பிக்கும் மலாய் நண்பர் ஒருவரிடம் சொன்னோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாலையாகக் கோப்பது கோயிலுக்குச் சரி, அடுப்புக்குச் சரிவராது. ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள், அம்மா காட்டித் தருவார்" என்றார். நாம் குடும்பத்துடன் போனோம்.

இலங்கை மலாயரைப் பற்றி இவ்விடத்தில் சிறிது சொல்ல வேண்டும். நம் நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் ஒரு வீதத்துக்கும் குறைவு. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரராகவும், நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களிற் பலர். ஜாவாவின் மாத்தராம் அரசனாக இருந்த மூன்றாம் அமங்குராத், 1708ஆம் ஆண்டில் சிறைப்பிடிக்கப்பட்டு இங்கே அனுப்பப்பட்டவன். ஆங்கிலேயர் வந்தபின் மலாய் வீரர்களைக் கொண்டு அமைந்த படை பின்னர் 'சிலோன் ரைபிள்ஸ்' எனப் பெயர் பெற்று, 1873ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. கண்டி வரலாற்றிலும் அவர்களுக்குப் பங்குண்டு. 1803ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கண்டியைப் பிடிக்க வந்து தோற்ற போரில், ஆங்கிலேயர் பக்கத்திலும் மலாயர் போரிட்டனர். கண்டி மன்னன் பக்கத்திலும் மலாயர் போரிட்டனர். தோல்விக்குப் பிறகு மன்னனின் சேவையில் சேர மறுத்த மலாய்த் தலைவர்கள் உயிரிழந்தனர். படைத்தொழில் ஓய்ந்தபின் பலர் காவல்துறையிலும் தோட்டங்களிலும் உத்தியோகம் பார்த்தார்கள்.

இன்னொரு செய்தி தமிழ் மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். இலங்கை மலாயர் வீட்டில் பேசும் மொழியின் சொற்கள் பெரும்பாலும் மலாய்ச் சொற்கள். ஆனால் வாக்கிய அமைப்பு நம் தமிழையும் சிங்களத்தையும் தழுவியது. வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். நாம் அவர்களுக்கு இலக்கணம் கொடுத்தோமென்றால் அவர்கள் நமக்கு உணவு கொடுத்தார்கள் போலும். அன்றாடம் நாம் இடியப்பத்துடன் உண்ணும் சம்பலின் பெயர் மலாய்ச் சொல்லே. தொதலும் அவ்வாறே. உடுக்கும் சாரமும், மழைக்காலத்தில் கண்டிக் கடைத்தெருவைச் சிவப்பாக்கும் றம்புட்டானும் அந்தத் திசையிலிருந்து வந்த பெயர்களே.

ஈர்க்கில் கோத்துத் தணலில் வாட்டும் இறைச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சாத்தே'. இச்சொல் தமிழ்ச் 'சதை'யிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். அதை மறுப்பாரும் உளர். தமிழாசிரியருக்கு எந்தப் பக்கம் சாயத் தோன்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சொல் யாருடையதாக இருந்தாலென்ன, கோலில் ஊன் கோத்துச் சுடும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. கரிகாற் சோழனைப் பாடிய பொருநராற்றுப்படையில் முடத்தாமக் கண்ணியார் இதைக் காட்டுகிறார். இருப்புக் கோலில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகளை மன்னன் கொடுக்க, அவற்றின் சூடு தாளாமல் பொருநர் வாயின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு மாற்றி மாற்றி உண்டார்களாம். அந்தக் கோலுக்குப் புலவர் இட்ட பெயர் 'காழ்'. இரவும் பகலும் ஊன் தின்றதால், தோட்டத்தை உழுது உழுது தேய்ந்த கொழுவைப் போலப் பற்கள் மழுங்கிப் போயின என்றும் அவர்கள் சொல்கிறார்கள். உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிட்டால் அந்த விருந்தின் மணம் நம் மூக்குக்கு எட்டியிராது.

நண்பர் வீட்டுக்குத் திரும்புவோம். மலாய் இல்லங்களில் மாட்டிறைச்சியிலும் சாத்தே செய்வதுண்டு. அன்று நமக்காகக் கோழியை எடுத்திருந்தார்கள். நண்பரின் தாயார் எண்பதை நெருங்குகிறவர். நாம் போனபோது நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. இறைச்சி கோத்த ஈர்க்குகளோ பக்கத்தில் தட்டத்தில் சும்மா கிடந்தன. "ஏன் இன்னும் வைக்கவில்லை?" என்று கேட்டோம். "நெருப்பு முழிச்சிருக்கும்போது இறைச்சி வைக்கப்படாது, தம்பி. அது உறங்கட்டும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நம் முதல் ஞாயிற்றுக்கிழமையின் தோல்வி முழுவதும் அடங்கிவிட்டது.

சுடரும் தணலும் ஒன்றல்ல. விறகு எரியும்போது அதிலிருந்து வெளியேறும் வாயுக்களே சுடராகின்றன. முழுவதும் எரியாத வாயு புகையாகவும் கரித்துகளாகவும் இறைச்சியின் மேல் படிகிறது. கசப்பு அங்கிருந்துதான் வருகிறது. வாயுக்கள் எல்லாம் போய், மேலே சாம்பல் பூத்து உள்ளே செந்நிறமாகக் கனலும் கரியில் புகை குறைவு. அதிலிருந்து வரும் வெப்பம் கதிர்வீச்சாக, அமைதியாக, எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாகப் பாய்கிறது. மேற்புறம் பொன்னிறமாகும் காலமும் உள்ளே வேகும் காலமும் அப்போதுதான் ஒத்துப்போகின்றன.

அந்தப் பொன்னிறத்துக்கும் ஒரு விஞ்ஞானம் உண்டு. இறைச்சியிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து புதிய நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. இதை 1912ஆம் ஆண்டில் விவரித்தவர் லூயி கமீல் மாயார் என்ற பிரெஞ்சு அறிஞர். இந்த மாற்றம் விரைந்து நடக்க ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நீரோ 100 பாகையில் கொதித்துவிடும். கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவு உயரத்திலுள்ள நம் கண்டியில் அதற்கும் சற்று முன்பாகவே கொதிக்கும். ஆகவே குழம்பில் எவ்வளவு நேரம் வெந்தாலும் இறைச்சிக்கு அந்த வாசனை வாராது. விஞ்ஞானம் படிக்கும் மூத்த மகள் இதைக் கேட்டதும், ஈரமான இறைச்சியைத் தணலில் வைத்தால் முதலில் நீர்தானே வற்ற வேண்டும் என்று வினவினாள். சரியான கேள்வி. அதனால்தான் மசாலை நீர்போல் ஒழுகாமல் பற்றாகப் பிடித்திருக்க வேண்டும்.

கரிக்கு நம் நாட்டில் குறைவில்லை. தேங்காய்ச் சிரட்டை ஒவ்வொரு வீட்டிலும் சேர்கிறது. பழைய வீடுகளில் சேவல் தலைத் தாழ்ப்பாள் வைத்த பித்தளை இஸ்திரிப் பெட்டிக்குள் கனன்றது சிரட்டைக்கரிதான். ஐந்தாறு பேருக்கு இருபது அல்லது இருபத்தைந்து பாதிச் சிரட்டைகள் போதும். நன்கு காய்ந்திருக்க வேண்டும். தும்பைச் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது. அடியில் காய்ந்த தென்னோலையும் பன்னாடையும் வைத்து, மேலே சிரட்டைகளைக் கூம்பாக அடுக்கிப் பற்றவைத்தால் மண்ணெண்ணெய்க்கு வேலையே இல்லை. கால் மணி நேரம் வரை ஆளுயரத்துக்கு ஆர்ப்பாட்டம் செய்யும். பிறகு சுடர் அடங்கி, உடைந்து, சாம்பல் போர்த்துக்கொள்ளும். நெருப்பு உறங்கிவிட்டது. ஈர்க்கு இருக்கப்போகும் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் சூடு சரி. ஒன்றிலேயே இழுத்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

கண்டி மழையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஐப்பசி மாதத்து மாலைகளில் ஹந்தானைப் பக்கம் முகில் இறங்கினால் நம் விருந்துக்கு இரங்காது. அப்போது சிலர் தணலைச் சட்டியோடு வீட்டுக்குள் தூக்கிச் செல்வதுண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள். கனலும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு எழுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கதவடைத்த அறைக்குள் உறங்கியவர்கள் எழாமலே போன நிகழ்ச்சிகள் உலகெங்கும் உண்டு. மழை வந்தால் உணவை உள்ளே எடுங்கள். நெருப்பை வெளியே விடுங்கள்.

இனி இறைச்சி. கோழியானால் நெஞ்சுப் பகுதியைவிடத் தொடைப் பகுதியே ஏற்றது. கொழுப்பு சற்று இருப்பதால் வறண்டுபோகாது. எலும்பு நீக்கிய அரைக் கிலோ இறைச்சியைக் கட்டைவிரல் நுனியளவு துண்டுகளாக வெட்டினால் பதினெட்டு, இருபது ஈர்க்குகள் கோக்கலாம். இறைச்சி விற்கும் விலையில் இது சிறிய செய்தியன்று. குழம்பில் இருவருக்குப் போதாத அளவு, ஈர்க்கில் ஏறினால் ஒரு குடும்பத்துக்கு நிறைவு தருகிறது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உண்பதால் வயிறு நிறைவதற்கு முன் மனம் நிறைந்துவிடும் போலும்.

ஆட்டிறைச்சி கடினமானது. நாரோட்டத்துக்குக் குறுக்காக வெட்ட வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பச்சைப் பப்பாளிக்காய் அரைத்துப் பூசலாம். அதிலுள்ள பப்பேன் என்ற நொதி புரதத்தைச் சிதைத்து இளக்குகிறது. அரை மணியிலிருந்து ஒரு மணிவரை போதும். இரவு முழுவதும் ஊறவிட்டால் இறைச்சி மென்மையாவதற்குப் பதிலாகக் களியாகிவிடும். நாம் ஒருமுறை அந்தக் களியையும் உண்டிருக்கிறோம்.

நண்பரின் தாயார் கூட்டிய மசாலை எளியது. சேரையின் அடித்தண்டு, இஞ்சி, உள்ளி, சின்ன வெங்காயம் இவற்றை அம்மியில் அரைத்து, வறுத்துப் பொடித்த கொத்தமல்லி, மிளகு, மஞ்சள், உப்பு சேர்த்து, இரண்டு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலில் குழைத்தார். மிளகாய்த்தூள் மிகக் கொஞ்சம். அது தணலில் விரைவில் கருகிக் கசக்கும். மிளகுக்கு மாத்தளையும் கண்டியும் பெயர்பெற்ற இடங்களாயிற்றே, காரத்துக்கு அதுவே போதும். கித்துல் பாணியும் உண்டு. ஆனால் அதை முதலில் சேர்ப்பதில்லை. இனிப்பு எதுவாயினும் நெருப்பில் முந்திக்கொண்டு கருகும். இறைச்சி முக்காற்பதம் வெந்தபின் மேலாகத் தடவினால் பளபளப்பும் மணமும் ஏறும்.

தடவுவதற்குத் தூரிகை வாங்க வேண்டியதில்லை. சேரைத்தண்டின் அடியைக் கல்லால் தட்டி நசுக்கினால் நார் பிரிந்து தூரிகையாகிவிடும். எண்ணெயில் தோய்த்துத் தடவும்போதே வாசனையும் சேரும். பச்சை இறைச்சியைத் தொட்ட தூரிகையால் வெந்த இறைச்சியைத் தொடக்கூடாது. இறைச்சி ஊறிய மசாலையில் மிச்சமிருப்பதைச் சுவைக்காக மேலே ஊற்றுவோர் அதைக் கொதிக்க வைத்தே ஊற்ற வேண்டும். வெந்த கோழியில் ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பு இருந்தால் மறுபடியும் தணலுக்கு.

கம்பியைவிட ஈர்க்கு மேல் என்பது அந்த வீட்டுக் கொள்கை. மலாய்நாட்டிலும் ஜாவாவிலும் பழைய வழக்கம் தென்னை ஈர்க்கே. முற்றிய ஓலையின் தடித்த அடிப்பாகத்தைச் சாண் அளவுக்கு நறுக்கி, கத்தியால் வழித்து, அரை மணி நேரமாவது நீரில் ஊறவைத்தால் எளிதில் எரியாது. கனமான துண்டுக்கு இரண்டு ஈர்க்குகளைச் சேர்த்துக் குத்தினால் புரட்டும்போது துண்டு சுழலாது. நுனியில் ஒரு விரற்கடை இறைச்சி இல்லாமல் விட்டால் கூர் நாவில் படும். ஆகவே கடைசித் துண்டை நுனிவரை ஏற்றி மறைக்க வேண்டும். ஈர்க்கு கிடைக்கவில்லையென்று வேலியில் கண்ட குச்சியை ஒடிக்க வேண்டாம். அலரி போன்ற நச்சுச் செடிகள் நம் வேலிகளில் அழகுக்கு நிற்கின்றன.

தணலின் மேல் வைத்தபின் கைக்கு ஓய்வில்லை. சிறிய துண்டானால் எட்டுப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்; அதற்குள் பத்துப் பன்னிரண்டு முறை புரட்ட வேண்டும். கொழுப்புச் சொட்டிச் சுடர் எழும்பினால் ஈர்க்குகளை ஒதுக்கி அது தணியும்வரை பொறுக்க வேண்டும். அந்தப் புகையிலும் கருகிய பகுதியிலும் உடம்புக்குத் தீங்கான சேர்மங்கள் உண்டாவதாக ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். கரி பிடித்த ஓரத்தை நறுக்கி எறிவதில் நட்டமில்லை. தொட்டுக்கொள்ளக் கச்சானை வறுத்து இடித்து, புளி, பாணி, தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. கச்சான் தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். எனவே கரிகாலனின் விருந்தில் இந்தக் குழம்பு இருந்திருக்க வழியில்லை.

நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மீதமிருந்தது. "காய்கறியை எப்போது கோப்பது?" நண்பரின் தாயார் வியப்போடு பார்த்தார். "அதுக்கு வேறை ஈர்க்கு. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு நேரம்" என்றார்.

எவ்வளவு எளிய விடை! தக்காளிக்கு மூன்று நிமிடம், வெங்காயத்துக்கு ஏழெட்டு, கோழிக்குப் பத்து, கிழங்குக்கு அதற்கும் மேல். இவற்றை ஒரே கோலில் கோத்துவிட்டு, எல்லாம் ஒரே கணத்தில் வேக வேண்டுமென்று எதிர்பார்ப்பது எப்படி? தனித்தனியாகக் கோத்தால் ஒவ்வொன்றும் தன் பதத்தில் இறங்கும். அத்துடன் பச்சை இறைச்சியின் நீர் காயில் படாது. அந்தக் கணத்தில் நம் மனைவியார் நம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். இருவருக்கும் ஒரே எண்ணந்தான். ஈர்க்கு வேறாகலாமென்றால் அடுப்பும் வேறாகலாமே!

வீட்டுக்கு வந்து தாயாரிடம் மெல்லச் சொன்னோம். உடனே இசையவில்லை. இரண்டு நாள் கழித்து அவராகவே நிபந்தனைகளுடன் வந்தார். அடுப்பு புதிதாக இருக்க வேண்டும். இறைச்சி அடுப்பின் கல் ஒன்றுகூட வரக்கூடாது. வெட்டும் பலகை, கத்தி, தட்டம், ஈர்க்கு, எண்ணெய்க் கிண்ணம் எல்லாம் தனி. கோப்பவர் இறைச்சி தொட்ட கையோடு வரக்கூடாது. "அதோடை, புகை என்ரை பக்கம் வரப்படாது" என்றார். கடைசி நிபந்தனை நம் கையில் இல்லை, காற்றின் கையில் இருந்தது. அதற்கும் அவரே வழி கண்டார். அடுப்புச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து, விரலிடையே மெதுவாக உதிர்த்து, அது எந்தப் பக்கம் பறக்கிறதென்று பார்த்தார். காற்று வரும் திசையில், மாமரத்தின் கீழ் பத்தடி தள்ளி அவருடைய அடுப்பு அமைந்தது.

ஞாயிறையும் பஞ்சாங்கம் பார்த்தே தெரிந்தெடுத்தோம். பூரணை நாளில் இந்நாட்டில் இறைச்சி விற்பனை இல்லை. நமக்கோ கந்தசஷ்டி முதலிய விரத நாட்களும் உண்டு. தோதான ஞாயிறு அமைந்ததும், நண்பரையும் அவர் தாயாரையும் அழைத்தோம்.

தாயாரின் அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஊனுண்பார் பக்கமே சாய்ந்துவிடும். உண்மையில் அன்று கூடுதலாக யோசித்துச் செய்யப்பட்டது அங்கேதான். தணலில் வைக்கும் காய்களை அவர் இரண்டாகப் பிரித்தார். நேரே வைக்கத் தக்கவை: கறிமிளகாய், கத்தரிக்காய், சின்ன வெங்காயம், காளான், அன்னாசி. முதலில் அவித்து எடுத்துப் பின் வாட்ட வேண்டியவை: உருளைக்கிழங்கு, கரட், பிஞ்சுப் பலா, பலாக்கொட்டை. நுவரெலியாவிலிருந்து வந்த கரட்டும் கிழங்கும் கண்டிச் சந்தையில் வாங்கியவை. பலா பக்கத்து வளவுக் கொடை. மலைநாட்டு வளவுகளில் பலா இவ்வளவு பெருகி நிற்பதைக் காணும்போதெல்லாம், நாடெங்கும் பலாக்கன்று நடச் செய்து சிங்கள மக்களிடையே 'கொஸ் மாமா' என்று பெயர் வாங்கிய ஆதர் வி. டயஸ் நினைவுக்கு வருகிறார்.

ஈரப்பலாவை மட்டும் அவர் வேறு விதமாகக் கையாண்டார். முற்றிய காயைத் தோலோடு முழுதாகத் தணலில் புதைத்து, தோல் கறுத்து வெடிக்கும்வரை விட்டு, பிறகு உரித்துத் துண்டாக்கி, உப்பும் மிளகும் நெய்யும் புரட்டி ஈர்க்கில் கோத்து மீண்டும் ஒரு வாட்டு வாட்டினார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மாவாகக் கரையும் மென்மை. பசிபிக் தீவுகளில் ஈரப்பலாவை இப்படித்தான் நெருப்பில் சுடுகிறார்கள் என்று நாம் படித்ததைச் சொன்னோம். "அவையளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஈர்க்கைப் புரட்டினார். கத்தரிக்காய்க்கு எள்ளெண்ணெயும் பெருங்காயமும். காளானுக்குத் தேசிக்காய்ச் சாறும் மிளகும். அன்னாசிக்கு மிளகாய்த்தூளும் உப்பும் சிறிது கித்துல் பாணியும். எருமைத் தயிரில் இஞ்சி, பச்சைமிளகாய், கொத்தமல்லித் தழை அரைத்துக் கலந்த பச்சடி பக்கத்தில் இருந்தது.

இளையவன் இரண்டு அடுப்புக்குமிடையே தூதனாக ஓடினான். இறைச்சிப் பக்கம் போய் வந்த ஒவ்வொரு முறையும் கைகழுவிவிட்டே அப்பம்மாவிடம் போக வேண்டும் என்பது சட்டம். நாற்பது முறையாவது கழுவியிருப்பான். கடைசியில், கை கழுவிக் களைத்துப் போய், மாமரத்தடியிலேயே குந்திவிட்டான். "இது போதும் எனக்கு" என்று பலாக்கொட்டை ஈர்க்கொன்றைக் கையில் எடுத்துக்கொண்டான்.

நண்பரின் தாயாருக்கு நம் இறைச்சி அடுப்பின் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தோம். தம் முறைப்படி நாம் வாட்டிய சாத்தேயைச் சுவைத்து, உப்புப் போதாதென்று தீர்ப்பளித்தார். சிறிது நேரத்தில் நாற்காலியைத் தூக்கச் சொல்லி மாமரத்தடிக்குப் போய்விட்டார். "என்ரை பல்லுக்கு இறைச்சி இனிச் சரிவராது, தங்கச்சி" என்று நம் தாயாரிடம் சொன்னதும், தாயார் ஈரப்பலா ஈர்க்கொன்றை ஊதி ஆற்றிக் கொடுத்ததும் இந்தப் பக்கம் நமக்குக் கேட்டது. தேய்ந்த கொழுவும் பொருநரும் நினைவுக்கு வர நாம் சிரித்தோம். ஏனென்று கேட்ட மனைவியாருக்குப் பத்துப்பாட்டை விளக்க அது நேரமில்லை, ஏனெனில் ஹந்தானைப் பக்கம் முகில் இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் துளி விழுந்தபோது யாவரும் ஆளுக்கொரு தட்டத்தைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினோம். தணல் இரண்டும் மழையில் சீறி அணைந்தன. தட்டங்கள் ஒரு கோடியிலும் மறுகோடியிலுமாகப் பிரித்தே வைக்கப்பட்டன. ஆட்கள் மட்டும் எல்லோரும் நடுவில் ஒரே பாயில் அமர்ந்தோம். தாயாருக்கும் நண்பரின் தாயாருக்கும் இரண்டு தணலில் எது நன்றாக உறங்கியது என்பதில் வாக்குவாதம். மழை விடும்வரை அது முடியவில்லை. பலாக்கொட்டையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதை நண்பரின் தாயார் கேட்டு வாங்கிக்கொண்டார்.